ஆடியோ சிடிக்குள் கோப்பே கிடையாது

லினக்ஸ் கணினியில் பாட்டு சிடியைப் போட்டுப் பார்த்து ஏமாந்தவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் மூன்று வகைதான். ஒருவருக்கு சிடியைத் திறக்கும்போதே ‘மவுண்ட் செய்ய முடியவில்லை’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். இன்னொருவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத் தோன்றும். நிமிடமும் நொடியும் ஓடும், சத்தம் மட்டும் வராது. மூன்றாமவருக்குப் பாட்டு வரும், ஆனால் திக்கித் திணறி வரும். மூவரும் கேட்பது ஒரே கேள்வி: வேறு எந்த பிளேயரை நிறுவிப் பார்க்கலாம்?

அந்தக் கேள்வியில்தான் ஒரு மாலைப்பொழுதே போய்விடுகிறது. இந்த மூன்று குறைகளும் மூன்று வெவ்வேறு இடங்களில் பிறப்பவை. முதலாவது, சிடி என்றால் என்ன என்பதைக் கணினி தவறாக எடுத்துக்கொண்டதால் வருவது. இரண்டாவது, ஒலி வரும் பாதை மாறிப்போனதால் வருவது. மூன்றாவதற்குக் காரணம் வட்டு, டிரைவ், மின்சாரம் ஆகியவற்றில் ஒன்று. வட்டில் என்ன எழுதியிருக்கிறது, அது எந்த வழியாக ஸ்பீக்கருக்கு வருகிறது என்று தெரிந்துவிட்டால் போதும், குறை எங்கே இருக்கிறது என்பதை ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டளைகளையும் டிரைவின் பெயர்களையும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் அதைச் சொல்கிறேன்.

வட்டில் இருப்பது என்ன?

ஆடியோ சிடிக்கான தரத்தை சோனியும் ஃபிலிப்ஸும் சேர்ந்து 1980-இல் வகுத்தன. அந்த ஆவணத்துக்கு ‘ரெட் புக்’ என்று பெயர். 1982 அக்டோபரில் ஜப்பானில் முதல் பிளேயர் கடைக்கு வந்தது. இசைத்தட்டின் வாரிசாகத்தான் இது உருவானது. வீட்டுக் கணினி இதைப் படிக்கும் என்ற எண்ணம் அந்தத் தரத்தில் எங்கும் இல்லை. இசைத்தட்டில் ஊசி ஓடும் பள்ளம் ஒரே நீளக் கோடாக இருப்பது போலவே சிடியிலும் ஒரே தடம்தான். வித்தியாசம், இது உள்விளிம்பில் தொடங்கி வெளிப்பக்கமாகச் சுருண்டு போகும்.

அந்தத் தடத்தில் இருப்பவை வெறும் எண்கள். ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, இடது வலது இரண்டுக்கும் 16 பிட் வீதம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நொடி இசை 75 துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒரு துண்டு 2,352 பைட். ஆக நொடிக்கு 1,76,400 பைட். இந்தத் துண்டைத்தான் செக்டர் என்கிறார்கள்.

கோப்பின் பெயர் கிடையாது, கோப்புறை கிடையாது, தேதி கிடையாது. உள்விளிம்பில் ஒரு சிறு பொருளடக்கம் மட்டும் இருக்கிறது. எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எத்தனையாவது நிமிடம், நொடி, துண்டில் தொடங்குகிறது என்பதுதான் அதில் உள்ள செய்தி. அதிகபட்சம் 99 பாட்டு. பாட்டின் பெயரை வட்டிலேயே எழுதும் சிடி-டெக்ஸ்ட் வசதி 1996-இல்தான் சேர்ந்தது. அதை எழுதாமல் வெளிவந்த வட்டுகள் ஏராளம்.

கணினித் தரவுக்கான சிடி-ராம் பிறகு வந்தது. அது அதே 2,352 பைட் துண்டில் 2,048 பைட்டை மட்டும் தரவுக்கு வைத்துக்கொண்டு, மீதியை முகவரிக்கும் கூடுதல் பிழைதிருத்தத்துக்கும் ஒதுக்கியது. பாட்டில் ஓர் எண் தவறினால் காதுக்குத் தெரியாமலே போகலாம். ஒரு நிரலில் தவறினால் அது ஓடாது. அதனால்தான் இந்தக் கூடுதல் கவனம்.

இப்போது முதல் குறைக்கு வருவோம். மவுண்ட் செய்வது என்றால், வட்டில் உள்ள கோப்பு அமைப்பைக் கண்டுபிடித்து அதைக் கணினியின் அடைவு மரத்தில் ஓரிடத்தில் பொருத்துவது. ஆடியோ சிடியில் கோப்பு அமைப்பே இல்லை. இல்லாத ஒன்றை எப்படிப் பொருத்துவது? அதனால் ‘தவறான கோப்பு அமைப்பு வகை, பழுதான சூப்பர்பிளாக்’ என்ற பொருளில் செய்தி வருகிறது. வட்டும் பழுதில்லை, டிரைவும் பழுதில்லை. கணினி கேட்ட கேள்விதான் தவறு.

லினக்ஸின் மையமான கெர்னல் எழுதி வைக்கும் பதிவை டிமெசேஜ் (dmesg) கட்டளையால் பார்த்தால் இன்னும் பயமுறுத்தும் வரிகள் தெரியும். எஸ்ஆர்0 (சிடி டிரைவுக்கு லினக்ஸ் வைத்த பெயர்) சாதனத்தில் பஃபர் ஐ/ஓ பிழை, அதாவது படிப்பதில் பிழை, என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு டிரைவ் போய்விட்டது என்று முடிவு கட்டியவர்களை எனக்குத் தெரியும். அந்த வரிக்குச் சற்று மேலே பாருங்கள். ‘இந்த ட்ராக்குக்குப் பொருந்தாத முறை’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் விஷயம் எளிது: ஏதோ ஒரு நிரல் பாட்டுத் துண்டைத் தரவுத் துண்டு என்று நினைத்துப் படிக்கப் போயிருக்கிறது, டிரைவ் மறுத்திருக்கிறது. டிரைவ் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கே அது அடையாளம்.

‘விண்டோஸில் கோப்புகள் தெரிகின்றனவே’ என்று கேட்கலாம். சிடிஏ என்று முடியும் அந்தக் கோப்புகளின் அளவைப் பாருங்கள், ஒவ்வொன்றும் 44 பைட்தான். பொருளடக்கத்தில் உள்ள குறிப்பை விண்டோஸ் கோப்பு மாதிரி காட்டுகிறது. அதைப் பென்டிரைவில் நகலெடுத்தால் பாட்டு வராது. லினக்ஸிலும் இப்படிக் காட்டும் வசதி உண்டு. க்னோம் என்ற டெஸ்க்டாப் மேசையில் ஜிவிஎஃப்எஸ் என்ற அடுக்கு ஒவ்வொரு பாட்டையும் ஒரு வேவ் கோப்பாகக் காட்டும். அதை இழுத்து வேறு இடத்தில் போட்டால், அந்த நேரத்தில் வட்டிலிருந்து எண்களைப் படித்து உண்மையான வேவ் கோப்பை உருவாக்கித் தரும். கேடிஇ என்ற இன்னொரு மேசை ஒரு படி மேலே போய் ஃபிளாக், ஆக் என்று தனித்தனிக் கோப்புறைகளையே காட்டும். எதில் உள்ளதை இழுக்கிறீர்களோ அந்த வடிவத்துக்கு மாற்றித் தரும். மிக அழகான ஏற்பாடு. ஆனால் இதற்கான பொதி (பேக்கேஜ்) நிறுவப்பட்டிருக்க வேண்டும். டெபியன், உபுண்டுவில் க்னோம் பக்கத்துக்கான பொதியின் பெயர் ஜிவிஎஃப்எஸ்-பேக்எண்ட்ஸ். எளிய மேசைகளை மட்டும் நிறுவியவர்களிடம் பல சமயம் இது இருக்காது, சிடியைப் போட்டால் எதுவுமே நடக்காதது போல இருக்கும்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஒரு காலத்தில் நம் ஊர்க் கடைகளில் நூறு, நூற்றைம்பது பாட்டு என்று விற்ற எம்பி3 சிடிகள் ஆடியோ சிடி அல்ல. அவை கோப்புகள் உள்ள தரவு வட்டுகள். சாதாரணமாக மவுண்ட் ஆகும், உள்ளே கோப்புகள் தெரியும். ‘அந்த சிடி பாடுகிறது, இந்த சிடி பாடவில்லை, ஆகவே இந்த சிடி கெட்டது’ என்று ஒப்பிட்டால் முடிவு தவறாகத்தான் வரும்.

நொடி ஓடுகிறது, சத்தம் இல்லை

மூன்றில் அதிகம் வதைப்பது இதுதான். காரணமும் இருபது முப்பது ஆண்டுகள் பின்னால் இருக்கிறது.

ஐடிஇ என்ற பழைய இணைப்பில் வந்த டிரைவ்களின் பின்பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பட்டையான தரவு கேபிள், மின்சார கேபிள் ஆகியவற்றோடு நான்கு முனை கொண்ட மெல்லிய ஒயர் ஒன்று சவுண்ட் கார்டுக்குப் போகும். முகப்பில் ஹெட்ஃபோன் துளையும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் இருக்கும். அந்த டிரைவ் தனக்குள்ளேயே ஒரு முழு சிடி பிளேயர். எண்களை ஒலியாக மாற்றும் சில்லு அதற்குள் இருந்தது. கணினியில் ஓடும் பிளேயர் நிரல் செய்ததெல்லாம் ‘மூன்றாம் பாட்டைப் பாடு’, ‘நிறுத்து’, ‘இப்போது எந்த நொடியில் இருக்கிறாய்’ என்று கேட்பதுதான். பாட்டு அந்த மெல்லிய ஒயர் வழியாக, ப்ராசசரைத் தொடாமல் நேரே சவுண்ட் கார்டுக்குப் போனது. ப்ராசசர்கள் மெதுவாக இருந்த காலத்தில் அது நல்ல யோசனை.

சாட்டா என்ற புதிய இணைப்பில் டிரைவ்கள் வந்தபோது அந்த ஒயருக்கான முனை பெரும்பாலும் மறைந்தது. மடிக்கணினிகளில் அது இல்லை. யுஎஸ்பி டிரைவில் இருக்கவே வழியில்லை. ஆனால் ‘பாடு’ என்ற பழைய கட்டளையைப் பல டிரைவ்கள் இன்னும் ஏற்றுக்கொள்கின்றன. வட்டைச் சுழற்றுகின்றன, நேரத்தையும் சரியாகச் சொல்கின்றன. பிளேயரின் திரையில் நொடி ஓடுகிறது. பாடிய பாட்டு வெளியே வர மட்டும் வழியில்லை.

வொர்க்போன், கேடிஇ-யின் பழைய கேஎஸ்சிடி மாதிரியான பிளேயர்கள் எல்லாம் இந்தப் பழைய வழியில் வளர்ந்தவை. கேஎஸ்சிடியின் அமைப்புகளில் ‘நேரடி டிஜிட்டல் பிளேபேக்’ என்றொரு தேர்வு பின்னர் சேர்ந்தது. எக்ஸ்எம்எம்எஸ் என்ற பழைய பிளேயரின் சிடி செருகுநிரலிலும் அப்படி ஒரு தேர்வு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்த நொடியில் பாட்டு வந்துவிடும். பத்து நாள் போராடியவர்கள் அந்த ஒரு பெட்டியில் டிக் போட்டுத் தீர்த்திருக்கிறார்கள்.

அந்தத் தேர்வு செய்வது என்ன? டிரைவைப் பாடச் சொல்வதை விட்டுவிட்டு, துண்டு துண்டாகப் படித்துத் தரச் சொல்கிறது. வரும் எண்களைப் பிளேயர் வாங்கி, மற்ற எந்தப் பாட்டையும் போல லினக்ஸின் ஒலி அமைப்புகளான ஆல்சா, பல்ஸ்ஆடியோ, பைப்வயர் வழியாக அனுப்புகிறது. இன்றைய விஎல்சி, ரிதம்பாக்ஸ், ஆடாசியஸ் எல்லாம் இப்படித்தான் செய்கின்றன. ஆகவே இன்றைக்கு நான் சொல்லும் முதல் ஆலோசனை, பழைய வழியில் பாடும் பிளேயரைத் தொடவே வேண்டாம் என்பதுதான்.

பழைய ஐடிஇ டிரைவும் மெல்லிய ஒயரும் இன்னும் உள்ள கணினி உங்களிடம் இருந்தால், அப்போது பார்க்க வேண்டிய இடம் வேறு. டெர்மினலில் ஆல்சாமிக்சர் திறந்து ‘சிடி’ என்ற நெடுவரிசையைப் பாருங்கள். கீழே எம் எழுத்து இரண்டு முறை இருந்தால் அந்த வழி மூடியிருக்கிறது என்று அர்த்தம். எம் விசையைத் தட்டினால் திறக்கும். 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலோடு ஆல்சா பரவியபோது, எல்லா வழிகளும் மூடிய நிலையில்தான் அது தொடங்கும். புதிதாக நிறுவியவர்கள் பலர் சத்தமே இல்லை என்று தவித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்த இடத்தில் அறுந்திருக்கிறது?

சரி, இப்போது வரிசையாகப் பார்ப்போம். பிளேயரை மூடிவிடுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: டிரைவால் பொருளடக்கத்தைப் படிக்க முடிகிறதா? துண்டுகளைப் படிக்க முடிகிறதா? படித்தது ஒலியாக வெளியே வருகிறதா?

முதல் கேள்விக்கு, ஆடியோ சிடியைப் படித்துக் கோப்பாக எடுத்துத் தரும் சிடிபாரனோயா என்ற நிரல் போதும். அந்தப் பெயரோடு ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் பெரிய எழுத்தில் கியூவும் சேர்த்துத் தட்டினால், பாட்டுகளின் பட்டியல் நீளத்தோடும் தொடக்க இடத்தோடும் வரும். அது வந்துவிட்டால் டிரைவ் இருக்கிறது, கெர்னலுக்குத் தெரிகிறது, உங்களுக்கு அனுமதி இருக்கிறது, வட்டின் உள்விளிம்பு நன்றாக இருக்கிறது என்று நான்கு விஷயங்கள் ஒரே அடியில் தெளிவாகிவிடும்.

வராவிட்டால் காரணம் பெரும்பாலும் பெயரிலோ அனுமதியிலோதான். முன்பு ஐடிஇ டிரைவ்களுக்கு எச்டிசி மாதிரியான பெயர்கள் இருந்தன. இப்போது எல்லாம் எஸ்ஆர்0, எஸ்ஆர்1 என்றுதான் வரும். மேசைக் கணினியில் ஒரு டிரைவும், வெளியே யுஎஸ்பியில் ஒன்றும் இருந்தால் யுஎஸ்பி டிரைவ் எஸ்ஆர்1 ஆகிவிடும். பிளேயர் எஸ்ஆர்0-வையே பார்த்துக்கொண்டு ‘வட்டு இல்லை’ என்று சொல்லும். சிடிராம் என்ற குறுக்குப் பெயரும் டெவ் அடைவில் உண்டு. அது எந்த டிரைவைச் சுட்டுகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. டிரைவைப் பற்றிக் கெர்னலுக்கு என்ன தெரியும் என்பது ப்ராக் அடைவுக்குள் சிஸ், டெவ், சிடிராம் என்று இறங்கினால் இருக்கும் இன்ஃபோ கோப்பில் கிடைக்கும். பெயர், வேகம், ஆடியோ பாட முடியுமா என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும்.

அனுமதியைப் பொறுத்தவரை, டெபியன், உபுண்டுவில் டிரைவ் சிடிராம் என்ற குழுவுக்குச் சொந்தம். ஆர்ச்சில் ஆப்டிகல் என்ற குழு. இன்றைய மேசைகளில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து உள்நுழைந்தவருக்கு சிஸ்டம்டி என்ற அடிப்படை நிரல் தானாகவே அனுமதி தந்துவிடும். குழுவில் சேர வேண்டியதில்லை. ஆனால் தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தால் அந்தச் சலுகை கிடைக்காது, குழுவில் சேர்ந்தே ஆக வேண்டும். சேர்ந்த பிறகு ஒரு முறை வெளியேறி உள்நுழைய வேண்டும். அதை மறந்துவிட்டுக் குழுவில் சேர்ந்தும் வேலை செய்யவில்லையே என்று குழம்புவது வழக்கம்.

பட்டியல் வந்ததா? அடுத்து, சிடிபாரனோயாவுக்கு 1 என்ற எண்ணை மட்டும் கொடுங்கள். முதல் பாட்டை ஒரு வேவ் கோப்பாக எடுத்துத் தரும். அந்தக் கோப்பு பாடினால் இரண்டாம் கேள்வியும் மூன்றாம் கேள்வியும் சேர்ந்து தீர்ந்தன. மீதிக் குறை பிளேயரில்தான். கோப்பு உருவாகிறது, ஆனால் அதுவும் பாடவில்லை என்றால் சிடியை விட்டுவிடுங்கள். குறை ஒலி அமைப்பில். எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்கு ஒலி போய்க்கொண்டிருக்கலாம். அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது.

பிளேயரில்தான் குறை என்றால் இரண்டு இடம் பார்ப்பேன். ஒன்று, அந்த நிரல் சிடி வசதியோடு கட்டப்பட்டதா என்பது. எம்பிவி என்ற பிளேயரில் இந்த வசதி கட்டும்போது தேர்ந்தெடுத்துச் சேர்க்க வேண்டிய ஒன்று. சேர்க்காத பொதியில் சிடிடிஏ என்ற முகவரி எடுபடாது. ஜிஸ்ட்ரீமர் என்ற பொதுவான ஒலி, வீடியோ நூலகத்தை நம்பும் பிளேயர்களுக்கு அதன் சிடி செருகுநிரல் இருக்க வேண்டும். இன்னொன்று, ஃபிளாட்பேக் மாதிரி மூடிய பெட்டிக்குள் ஓடும் நிரல்கள். பாதுகாப்புக்காக அவற்றுக்குச் சாதனங்களைத் தொடும் உரிமை தரப்படுவதில்லை. சிடி டிரைவுக்கு மட்டும் தனி அனுமதி ஃபிளாட்பேக்கில் இல்லாததால் எல்லாச் சாதனங்களுக்கும் சேர்த்தே திறந்துவிட வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக விநியோகத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து அதே பிளேயரை நிறுவிக்கொள்வதையே நான் விரும்புவேன்.

திக்கும் பாட்டு

திக்கினால் முதலில் பார்க்க வேண்டியது வட்டு அல்ல. ஒரே டிரைவை இரண்டு நிரல்கள் பிடித்து இழுக்கின்றனவா என்று பாருங்கள். வட்டைப் போட்டவுடன் கோப்பு மேலாளர் தானாகத் திறந்து ஒவ்வொரு பாட்டையும் தொட்டுப் பார்க்கும். அதே நேரத்தில் பிளேயரும் படித்தால் லேசர் முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருக்கும். கோப்பு மேலாளரில் அந்த ஆடியோ டிஸ்கை வெளியேற்றாமல் ‘அன்மவுண்ட்’ மட்டும் செய்துவிட்டுப் பாட விடுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடுகிறது.

யுஎஸ்பி டிரைவாக இருந்தால் அடுத்த சந்தேகம் மின்சாரம். யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லிஆம்பியர். மோட்டார் சுழலத் தொடங்கும்போது சில மெல்லிய டிரைவ்கள் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். கிடைக்காவிட்டால் சுழன்று, நின்று, மறுபடி சுழலும். ஹப்பில் செருகியிருந்தால் கழற்றிக் கணினியிலேயே நேரடியாகச் செருகுங்கள். இரண்டு தலை உள்ள கேபிள் கூடவே வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள்.

அப்புறம் வேகம். பாட்டுக் கேட்க ஒரு மடங்கு வேகமே போதும். அந்த வேகத்தில் வட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 முதல் 500 சுற்று சுற்றும். ஆனால் 52 மடங்கு என்று முகப்பில் எழுதிய டிரைவ், விட்டால் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றை எட்டும். அறை முழுக்க இரைச்சல், கீறல் உள்ள வட்டில் பிழையும் கூடும். எஜெக்ட் கட்டளையோடு சிறு கோடு எக்ஸ் சேர்த்து 4 என்று கொடுத்தால் டிரைவ் நான்கு மடங்குக்கு இறங்கும். எச்டிபார்ம் கட்டளையிலும் இதற்கு ஒரு வழி உண்டு. எல்லா டிரைவும் கீழ்ப்படியாது. கீழ்ப்படிந்தால் பலன் உடனே காதில் தெரியும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் வட்டைத் திருப்பிப் பார்ப்பேன். ஆடியோ சிடியின் பிழைதிருத்தம் வியக்க வைக்கும் ஒன்று. அடுத்தடுத்த எண்களை வட்டில் தள்ளித் தள்ளிச் சிதறி எழுதியிருப்பதால், தடத்தில் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் முழுதாக அழிந்தாலும் எண்களை அப்படியே மீட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் இசை பிளேயர்கள் முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்து நடுவில் உள்ளதை ஊகித்து நிரப்பும். ஊகமும் முடியாத இடத்தில்தான் ‘டிக்’ சத்தமும் திக்கலும்.

இந்தக் கணக்கிலிருந்து சுத்தம் செய்யும் முறையும் தானே வருகிறது. தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்தால், விழும் கீறலும் தடத்தோடு நீளமாக ஓடி மீட்க முடியாத நீளத்தை எட்டிவிடும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடைத்தால், கீறல் விழுந்தாலும் தடத்தைக் குறுக்கே வெட்டும், அவ்வளவே. இன்னொன்று: பலர் பளபளக்கும் அடிப்பக்கத்தைக் கண்ணாகக் காத்துவிட்டு, எழுத்து உள்ள பக்கத்தை மேசையில் தேய்ப்பார்கள். உண்மையில் எண்கள் இருக்கும் உலோகப் படலம் எழுத்துப் பக்கத்தில்தான், மெல்லிய லாக்கர் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் கவசம் உண்டு. அங்கே விழும் கீறலைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய வழியுண்டு. எழுத்துப் பக்கம் ஆழமாகக் கீறினால் போனது போனதுதான். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான வட்டுகள் சில, விளிம்பிலிருந்து வெண்கல நிறமாக மாறி அரித்துக்கொண்டே போவது பிரபலமான கதை. அப்படி அரித்துப்போன இடங்கள் எந்தக் கணினியிலும் பாடாது.

கீறிய வட்டைக் காப்பாற்ற நம்மிடம் இருக்கும் நல்ல கருவி, மேலே சொன்ன அதே சிடிபாரனோயாதான். ஸிஃப் அமைப்பைத் தொடங்கிய கிறிஸ் மான்ட்கோமரி எழுதியது. பாட்டுத் துண்டில் துல்லியமான முகவரி இல்லாததால், பழைய டிரைவ்கள் விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னால் சற்று முன்னோ பின்னோ போய் விழும். அதனால் இந்த நிரல் ஒவ்வொரு பகுதியையும் முந்தைய பகுதியோடு மேவும்படி திரும்பத் திரும்பப் படித்து, ஒப்பிட்டு, ஒத்துப்போகும் இடத்தில் தைக்கிறது. படிக்கும்போது திரையில் ஒரு சிறு முகம் தெரியும். எல்லாம் நலமாக இருந்தால் சிரிக்கும். சிரமப்பட்டால் முகம் மாறும். ஒரு பாட்டுக்கு அரைமணி நேரம்கூட எடுக்கலாம். நேரடியாகக் கேட்க உதவாது; ஆனால் பாடாத வட்டிலிருந்து பாட்டை மீட்க, பொறுமையாக விட்டுவிட்டுப் போய் மறுநாள் பார்க்கலாம்.

பெயர் வராதது, தரவு மட்டும் தெரிவது

பாட்டு வருகிறது, பெயர் மட்டும் ‘ட்ராக் 1, ட்ராக் 2’ என்றே இருக்கிறது என்றால் வட்டில் குறையில்லை. பெயர் பெரும்பாலும் வட்டிலேயே இருக்காது என்று முன்பே பார்த்தோம். பொருளடக்கத்தில் உள்ள தொடக்க இடங்களை வைத்து ஓர் அடையாள எண் கணக்கிட்டு, இணையத்தில் உள்ள தளத்தில் தேடித்தான் பெயர் வருகிறது. ஆர்வலர்கள் கைப்பட எழுதிச் சேர்த்த சிடிடிபி பின்னர் கிரேஸ்நோட் என்ற வணிக நிறுவனமாக மாறியது. அதற்கு மாற்றாக வளர்ந்த ஃப்ரீடிபி 2020-இல் மூடப்பட்டது. பழைய பிளேயர்கள் இன்னும் அந்த முகவரியையே தட்டிக்கொண்டு காத்திருக்கும். சிலவற்றில் அந்தக் காத்திருப்பு முடியும்வரை பாட்டே தொடங்காது. பார்ப்பவருக்கு டிரைவ் உறைந்துவிட்டது போல இருக்கும். அமைப்புகளில் அந்தத் தேடலை அணைத்துவிட்டு, மியூசிக்பிரெய்ன்ஸைப் பயன்படுத்தும் பிளேயருக்கு மாறுங்கள். உங்கள் தமிழ் சிடி அதில் இல்லையென்றால் பெயர்களை நீங்களே தட்டிச் சேர்த்துவிடுங்கள். அடுத்து அதே வட்டைப் போடுபவருக்கு எங்கிருந்தாலும் அது கிடைக்கும்.

சில வட்டுகளில் முதலில் பாட்டு, கடைசியில் ஒரு தனி அமர்வில் வீடியோவோ படங்களோ இருக்கும். கணினி அந்தக் கடைசி அமர்வைத் தரவு என்று மவுண்ட் செய்து காட்டிவிட்டு, பாட்டு இருப்பதையே மறைத்துவிடக்கூடும். பிளேயரில் நேரடியாக ஆடியோ சிடியைத் திறக்கச் சொன்னால் போதும். 2000-களின் தொடக்கத்தில் வந்த நகல் தடுப்பு வட்டுகள் இந்த இரண்டாம் அமர்வை வேண்டுமென்றே தவறாக எழுதின. வீட்டு பிளேயர் முதல் அமர்வோடு நின்றுவிடும், கணினி டிரைவோ கடைசி அமர்வைத் தேடிப் போய்த் தடுமாறும் என்பதுதான் கணக்கு. அப்படிப்பட்ட வட்டு ஒரு டிரைவில் பாடும், இன்னொன்றில் பாடாது. உங்கள் அமைப்பில் தவறு தேட வேண்டாம். 2005-இல் பெரும் சர்ச்சையான சோனி பிஎம்ஜி-யின் எக்ஸ்சிபி வேறு வகை. அது விண்டோஸில் தானாக நிறுவிக்கொள்ளும் நிரலை நம்பியது. லினக்ஸில் அந்த நிரல் ஓடாததால் அந்த வட்டுகள் சாதாரண ஆடியோ சிடியாகவே பாடின.

1980-களில் வந்த சில வட்டுகளில் இன்னொரு விசித்திரம். கணினியில் கேட்டால் உச்ச சுருதிகள் காதைக் கீறும். பழைய வீட்டு பிளேயரில் நன்றாக இருக்கும். அவை ப்ரீஎம்ஃபசிஸ் என்ற முறையில் உயர் அதிர்வெண்களைத் தூக்கிப் பதிந்தவை. வட்டில் அதற்கு ஒரு குறி உண்டு. வீட்டு பிளேயர் அதைப் பார்த்துத் தானே இறக்கிக்கொள்ளும். கணினி வெறும் எண்களைப் படிப்பதால் இறக்காது. சாக்ஸ் என்ற ஒலி மாற்றும் நிரலில் டிஎம்ஃப் (deemph) என்ற விளைவைக் கொடுத்து எடுத்தால் இயல்புக்கு வந்துவிடும்.

கடைசியாக, கச்சேரி சிடி வைத்திருப்பவர்களுக்கு. ஆலாபனை ஒரு ட்ராக், கீர்த்தனை ஒன்று, தனி ஆவர்த்தனம் ஒன்று என்று பிரித்திருப்பார்கள். வட்டில் அவற்றுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் ஒலி தொடர்ந்து ஓடும். ட்ராக் மாறும்போது ஒரு கணம் மௌனம் விழுந்து தம்புராவின் சுருதி அறுந்தால் அது பிளேயர் போடும் இடைவெளி. பிளேயரின் அமைப்பில் ‘கேப்லெஸ்’ என்பதை இயக்குங்கள். அது இல்லாவிட்டால், சிடிபாரனோயாவுக்கு ஒற்றை எண்ணுக்குப் பதிலாக, தொடங்கும் ட்ராக்கையும் முடியும் ட்ராக்கையும் நடுவில் ஒரு சிறு கோடு போட்டுக் கொடுங்கள். அந்த ராகம் முழுவதும் ஒரே கோப்பாக வந்து சேரும்.